முப்பத்தொன்றாம் எல்லைக்கல்லும் மாவட்ட வோக்டும்

அந்தச் சனிக்கிழமை எல்லைக்கல்லைச் சுற்றி நின்றவர்கள்: மாவட்ட வோக்ட் ஹெர் லாங்கே, அவருடைய ஆட்கள் இருவர், ஒரு பித்தளை வாத்தியக் குழு, ஊர்ச் சனம் நானூறு பேருக்குக் குறையாமல், சூப் வண்டியோடு சிவனேசன் அண்ணை, குறிப்பு நோட்டோடு நான். வராதவர்கள் மூன்று பேர். பவானி அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. கஜனுக்கு ஆஹெனில் தேர்வு. மூன்றாமவர் வெளிநாட்டவர் அலுவலகத்துப் பெண் அதிகாரி ஃபிராவ் வெபர். அவர் மட்டும் அன்று வந்திருந்தால், திங்கட்கிழமை எங்களுக்கு அந்தக் கதி வந்திருக்காது.

கஜன் ஆஹென் நகரப் பல்கலைக்கழகத்தில் என் அறைத்தோழன்; நான் தமிழ்நாட்டிலிருந்து அங்கே பொறியியல் படிக்கப் போனவன். மூன்று வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்தவன். சிவனேசன் அண்ணை அவனுடைய அம்மாவின் தம்பி. அண்ணையும் அவர் மனைவி பவானி அக்காவும் ஹெஸன் மாநிலத்தின் ஓரத்தில் ஒரு சின்ன ஊரில் ஒன்பது வருஷமாக இருக்கிறார்கள். அகதி மனு தள்ளுபடியாகி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒரு தாளில்தான் வாழ்க்கை. இரண்டாயிரத்து ஏழில் ஒரு புதுச் சட்டம் வந்தது. பல வருஷம் இங்கே இருந்துவிட்டவர்கள், வேலை இருந்து, குற்ற வழக்கு எதுவும் இல்லாமலிருந்தால், தங்கும் அனுமதி கேட்கலாம். அண்ணைக்குத் திங்கட்கிழமை காலை வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், நேரம் குறித்த சந்திப்பு. கூடப்போக வேண்டியவன் கஜன்.

"எனக்கு எக்ஸாம். நீ போடா" என்றான். "ஃபோர்ம் நிரப்புறது எண்டா உனக்குத்தானே பைத்தியம்."

உண்மைதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அப்பா கிராமத்தில் தலையாரி; கைநாட்டு. ஏழாம் வகுப்பிலிருந்து எங்கள் தெருவின் மனுக்களெல்லாம் என் கையெழுத்தில்தான் தாலுகா ஆபீசுக்குப் போயின. மனுவின் அடியில் 'இணைப்பு: 1, 2, 3' என்று எழுதும்போது வரும் மகிழ்ச்சி எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ரயிலை விட்டு இறங்கி, அந்த ஊருக்குப் போகும் பேருந்துக்காக நின்றேன். அட்டவணையில் 14.20 என்று தெளிவாகப் போட்டிருந்தது. இந்த நாட்டில் எனக்குப் பிடித்ததே இந்த நிச்சயம்தான். 14.20 ஆனது, 15.20ம் ஆனது, ஒரு சைக்கிள்கூட வரவில்லை. நாயோடு நடந்து வந்த ஒரு பெரியவர் நின்று என்னைப் பார்த்தார்.

"கூப்பிட்டீர்களா?"

"யாரை?"

"பேருந்தை."

அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு தொலைபேசிப் படம் இருந்தது. ஒரு மணி நேரம் முன்னால் ஃபோன் செய்து சொன்னால்தான் வருமாம். எங்கள் ஊர் டவுன் பஸ் கூப்பிடாமலே வரும், நிற்காது, அவ்வளவுதான். பெரியவர் தன் ஃபோனிலேயே கூப்பிட்டுத் தந்தார். கடைசியில் வந்தது பேருந்தே இல்லை, ஒரு வேன். நான் ஒருவன்தான் பயணி. டிரைவர் அம்மா வழிநெடுக, ஊரே திரண்டு எல்லைக்கற்களைச் சுற்றி நடக்கும் எல்லை நடை விழாவைப் பற்றியே பேசினார். ஏழு வருஷத்துக்கு ஒருமுறைதான் வருமாம், நாளைக்குத்தானாம்.

பவானி அக்கா புட்டும், கத்தரிக்காய்ப் பால்கறியும், லீக்ஸ் வறையும் செய்து வைத்திருந்தார். "சாப்பிடுங்கோ தம்பி, பஸ்ஸுக்கு நிண்டு களைச்சுப்போனியள்" என்று நிறுத்தாமல் பரிமாறினார். மூன்றாவது முறை புட்டு விழும்போதுதான் விஷயத்துக்கு வந்தார்.

"இந்த மாவட்டத்தை விட்டு வெளிக்கிட எங்களுக்கு ஏலாது, தெரியும்தானே? கடதாசியிலையே அடிச்சிருக்கு. மூண்டு வருஷத்துக்கு முந்தி கஜன்ரை அம்மாவுக்கு ஒப்பரேசன். இவர் பிராங்பேர்ட்டுக்குப் போட்டார். ஸ்டேசனிலை பொலிஸ் மறிச்சுப்போட்டான். முதல்தரம் எண்டபடியால் தண்டத்தோடை விட்டவங்கள். ரண்டாந்தரம் எண்டா குற்ற வழக்கு. வழக்கு வந்தா இந்த அன்ராக் மனு சரிவராது. ஒன்பது வருஷமும் போச்சு."

"நான் என்ன திரும்பவும் போகப்போறனே?" என்றார் அண்ணை. "முதலாளி வெளி மாவட்டச் சந்தைக்குக் கூப்பிட்டாலே நாரி முதுகெல்லாம் நோகுது எண்டு சொல்லிப்போட்டு நிக்கிறன்."

"முதலாளிக்கு இது தெரியாதா?" என்று கேட்டேன்.

"ஏன் தெரியோணும்? அவர் என்னைச் சமையல்காரனா நினைக்கிறார். அப்பிடியே இருக்கட்டும்."

அந்த முதலாளிதான் ஹெர் லாங்கே, ஊர்ச் சந்தியில் உள்ள விடுதிக்காரர். இந்தமுறை வோக்டாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பவரும் அவரே. விழா சூப்புக்குப் பட்டாணி ஊறப்போட அண்ணையோடு நானும் போனேன். விடுதிச் சமையலறையில் ஒரு பெரிய மனிதர் இறகு வைத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு, அடுப்புக்கு மேலே புகை உறிஞ்சும் பெட்டியின் தகட்டில் முகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வோக்ட் என்றால் என்ன என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்தால், இந்த ஊரில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதே இல்லை போலிருந்தது. உட்கார வைத்து, பீர் ஊற்றித் தந்து, சொல்லத் தொடங்கினார்.

பிரபுக்கள் ஆண்ட காலத்தில், பிரபுவின் கையாக இருந்தவர் வோக்ட். திருடனைப் பிடிப்பது, வழக்கு விசாரிப்பது, வரி தண்டுவது, சந்தையில் தானியம் அளக்கும் மரக்காலைக் காப்பது, வருஷம் ஒருமுறை எல்லையைச் சுற்றி வந்து கற்கள் நகராமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது எல்லாம் அவர் வேலை. வெளியூரிலிருந்து நீதிபதி வந்தால் அவருக்கும் அவர் குதிரைக்கும் சாப்பாடு வோக்டின் செலவு. பிறகு பிரபுக்கள் போனார்கள். போலீஸ், கோர்ட், வரி அலுவலகம் என்று ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டார்கள். வோக்டுக்கு மிஞ்சியது மேலங்கி, தடி, தொப்பி.

"இப்போது என்ன வேலை?" என்றேன்.

"ஏழு வருஷத்துக்கு ஒருமுறை எல்லை நடையை நடத்துவேன். ஆண்டுதோறும் மாவட்ட நீதிமன்றத்தின் முதல் அமர்வில் நீதிபதிக்கு வலப்பக்கம் உட்காருவேன். பேசக் கூடாது."

"சம்பளம்?"

லாங்கே சிரித்ததில் தொப்பியின் இறகு ஆடியது. "மேலங்கியே என் காசு. நாளைக்கு நானூறு பேருக்கு சூப் யார் காசு என்று நினைக்கிறாய், இன்ஜினியர்?"

சென்னையில் முன்பு ஷெரீப் என்று ஒருவர் இருந்ததாகப் பொது அறிவுப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். விருந்தினரை வரவேற்பதைத் தவிர அவர் என்ன செய்தார் என்று எந்த வாத்தியாருக்கும் தெரியவில்லை. தடியை நினைத்தபோது, எங்கள் ஊர்க் கோர்ட்டில் நீதிபதிக்கு முன்னால் வெள்ளிப்பூண் தடியோடு நடக்கும் டவாலி கண்ணில் வந்தார். ஆனால் டவாலிக்குச் சம்பளம் உண்டு.

மறுநாள் வாசிக்க வேண்டிய கடமைப் பட்டியலை லாங்கே எனக்குப் படித்துக் காட்டினார். கல்லை நகர்த்தியவனுக்குத் தண்டனை, கள்ள மரக்காலுக்குத் தண்டனை என்று போய், கடைசியில் ஒன்று விசித்திரமாக இருந்தது: 'எவரையும் அவர் மனமில்லாமல் எல்லைக்கு அப்பால் தூக்கிவைக்கும் வோக்ட், அவருக்கு ஒரு கில்டர் நாணயம் கொடுத்து, தானே அவரைத் தூக்கித் திரும்பக் கொண்டுவரக் கடவார்.' அந்தக் காலத்து வோக்டுகள் சோற்றுக்கு வழியில்லாதவர்களைத் தூக்கிப்போய்ப் பக்கத்துப் பிரபுவின் மண்ணில் இறக்கிவிட்டு வந்துவிடுவார்களாம். அதைத் தடுக்கத்தான் இந்த விதி. நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அண்ணை பட்டாணி கழுவிக்கொண்டே, "உது நல்ல சட்டம்" என்றார்.

சனிக்கிழமை காலை மணி அடித்ததும் ஊரே கிளம்பியது. முன்னால் லாங்கே, பச்சை மேலங்கியும் ஆளுயரத் தடியுமாக. நடந்து முடியும்வரை வோக்டோடு யாரும் வேலை விஷயம் பேசக் கூடாது. பேசினால் ஒரு கோப்பை பீர் குடிக்க வேண்டும், அதுதான் அபராதம். இரண்டு பேர் வேண்டுமென்றே பேசினார்கள்.

ஒவ்வொரு கல்லிலும் நின்று, லாங்கே தடியால் மூன்று முறை தட்டி, எண்ணை உரக்கச் சொன்னார். ஒரு பக்கம் ஒரு எழுத்து, மறுபக்கம் வேறு எழுத்து. எந்தப் பக்கம் நின்று படிக்கிறோமோ, அந்தப் பக்கத்து மண்ணின் எழுத்து அது. நான் நில அளவைதான் படிக்கிறேன். ஆனால் கல்லைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. எழுத்து தெரியாதவர், எங்கள் கிராமத்தின் அத்தனை சர்வே கல்லையும் இருட்டில் காலாலேயே தடவிச் சொல்வார்.

முப்பத்தொன்றாம் கல்லில் காலைச் சாப்பாடு. இந்தப் பக்கம் ஜனவரிப் புயலில் விழுந்த ஊசியிலை மரங்கள் தாறுமாறாகக் கிடந்ததால், கல்லுக்கு அந்தப் பக்கப் புல்வெளியில் பெஞ்சுகளைப் போட்டிருந்தார்கள். அது அடுத்த மாவட்டம், அடுத்த மாநிலமும்கூட. சனம் யோசிக்காமல் தாண்டியது. அண்ணை மட்டும் சூப் வண்டியைக் கல்லுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை வைத்தார்.

"சூப் இஞ்சாலை, வாயள் அங்காலை. வேணுமெண்டா வரட்டும்" என்றார் என்னிடம்.

வந்தார்கள். நானூறு பேரும் கிண்ணத்தோடு எல்லைக்கு வந்து வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள். பட்டாணி சூப்பில் அண்ணை வறுத்த யாழ்ப்பாணத் தூளைக் கொஞ்சம் போட்டிருந்தார். அதைச் சாப்பிட்டு மூக்கைச் சிந்தியவர்கள்தான் இரண்டாம் தடவையும் முதலில் வந்தார்கள்.

"சிவா, அங்கே என்ன செய்கிறாய்? இங்கே வா!" என்று லாங்கே கத்தினார்.

"இங்கே நிழல்" என்றார் அண்ணை.

பிறகு கல்லில் உட்கார வைக்கும் சடங்கு. ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களை வோக்டின் ஆட்கள் இருவர் தோளிலும் காலிலும் பிடித்துத் தூக்கி, எல்லைக்கல்லின் மேல் மூன்று முறை உட்கார வைத்து எடுப்பார்கள். இது நடந்தால் அவர் ஊரவர். சென்ற முறை விழா நடந்தபோது அண்ணை அகதிகள் விடுதியின் ஜன்னலிலிருந்து பார்த்தாராம். இந்தமுறை லாங்கே முதலில் அழைத்த பெயரே அவருடையது.

அகப்பையைக் கீழே வைக்கக்கூட விடாமல் தூக்கினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. சனம் கத்தியது. அண்ணையும் சிரித்தார். ஆனால் மூன்றாவதுக்குப் பிறகு அவர்கள் இறக்கவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு புல்வெளிக்குள் நடந்தார்கள்.

"விடுங்கோ! அங்காலை ஏலாது! விடுங்கோடா!" என்று அண்ணை தமிழில் கத்தினார். சனத்துக்கு அது சந்தோஷமாகத் தெரிந்தது. இன்னும் பலமாகக் கைதட்டியது. வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் தட்டினேன்.

பெஞ்சில் இறக்கியதும் அண்ணை எழுந்தார். விழாக் குழுவைச் சேர்ந்த ஒருவர் உடனடிப் படம் எடுக்கும் கேமராவோடு நின்றார். படத்தை ஓர் அட்டையில் ஒட்டி, பெயர் எழுதி, சிவப்பு மெழுகில் வோக்டின் முத்திரை பதித்துத் தருவார்கள். முத்திரை! எனக்கு உலகம் மறந்துவிட்டது.

"அண்ணை, ரெண்டே நிமிஷம். சீல் வச்சுத் தர்றாங்க, வாங்கிட்டுப் போயிடலாம். இது சும்மா ஃபங்ஷன்தானே, யாரு பார்க்கப் போறா?"

"தம்பி, உமக்கு விளங்கேல்லை..."

"ப்ளீஸ் அண்ணை."

உட்கார்ந்தார். மெழுகு காயப் பத்து நிமிஷம் ஆனது. வாங்கியவுடன் ஏறக்குறைய ஓடியே சூப் வண்டிக்குத் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கோப்பு அடுக்கினேன். சம்பளச் சீட்டுகள், வாடகை ஒப்பந்தம், மொழி வகுப்புச் சான்று, அக்காவின் வேலைக் கடிதம் என்று பதின்மூன்று இணைப்புகள். பதினான்காவதாக அந்த அட்டையை வைத்தேன். நம் ஊரில் முத்திரை உள்ள எதையும் மனுவோடு சேர்க்காமல் விடுவோமா?

"உது தேவையே?" என்றார் அக்கா.

அண்ணை அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். 'இவர் முப்பத்தொன்றாம் கல்லில் அமர்த்தப்பட்டார். இனி எங்கள் ஊரவர்' என்றிருந்தது. "ஒன்பது வருஷத்திலை ஒரு கடதாசி இப்பிடிச் சொன்னது இதுதான்" என்று திருப்பித் தந்தார். "வையும்."

திங்கட்கிழமை காலை ஃபிராவ் வெபர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். வறண்ட முகம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தலையசைப்பு. பதின்மூன்று தலையசைப்பு. பதினான்கில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"முப்பத்தொன்றாம் கல். என் அப்பாவின் காடு அதற்குப் பக்கத்தில்தான்." விரலைப் படத்தில் வைத்தார். அண்ணையின் தோளுக்குப் பின்னால் மஞ்சள் பலகை ஒன்று. அதில் அடுத்த மாவட்டத்தின் பெயர், கொட்டை எழுத்தில். "இந்த பெஞ்ச் எங்கே இருக்கிறது, ஹெர் சிவனேசன்?"

அந்த அட்டையைக் கோப்பில் வைத்தவன் நான். கல்லுக்கு எந்தப் பக்கம் எது என்று அளக்கப் படிக்கிறவன்.

"அங்காலை" என்று அண்ணை முதலில் தமிழில் சொன்னார். பிறகு ஜெர்மனில், "எல்லைக்கு அந்தப் பக்கம்."

"உங்கள் கோப்பில் ஏற்கெனவே ஒரு மீறல் இருக்கிறது. நான் பார்த்துவிட்டேன். பார்த்ததை எழுதத்தான் வேண்டும்." அவருடைய பேனா மேசைமேலேயே இருந்தது. "எழுத்தில் விளக்கம் தரலாம். பன்னிரண்டு மணிவரை இருப்பேன்."

வெளியே தாழ்வாரத்தில், விடுதிக்குப் போய் லாங்கேயிடம் சொல்கிறேன் என்றேன். அண்ணை என் கையைப் பிடித்தார். "வேண்டாம். அவருக்குத் தெரிய வேண்டாம்."

"அண்ணை, என் முட்டாள்தனம் இது. என்னைத் திட்டுங்க. ஆனா போக விடுங்க."

அவர் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. என் கையை விட்டுவிட்டு, "சரி, ஓடும்" என்றார்.

லாங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் உருளைக்கிழங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஒன்பது வருஷமா? சந்தைக்கு வராததற்கு முதுகுவலி என்றானே. நான் அவனுக்குத் தைலம் வேறு வாங்கித் தந்தேன்." பிறகு மூலையில் சாத்தியிருந்த தடியை எடுத்தார், கடமைப் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், ஏப்ரனைக் கழற்ற மறந்துவிட்டார்.

ஃபிராவ் வெபர் நிமிர்ந்து பார்த்தார். "தடியைக் குடை நிறுத்துமிடத்தில் வையுங்கள், ஹெர் லாங்கே. இங்கே அது செல்லாது."

வோக்டின் தடி இரண்டு குடைகளுக்கு நடுவே நின்றது.

"இவன் எல்லையைத் தாண்டவில்லை" என்றார் லாங்கே. "நான் தாண்டவைத்தேன். என் ஆட்கள் தூக்கிப் போனார்கள். வேண்டாம் என்று கத்தினான். எனக்கு அவன் மொழி தெரியாது, சந்தோஷத்தில் கத்துகிறான் என்று நினைத்தேன். நானூறு சாட்சி இருக்கிறது."

"படத்தில் சிரிக்கிறார்."

"படம் எடுக்கிறவன் சிரிக்கச் சொன்னான்."

ஃபிராவ் வெபர் அண்ணையைப் பார்த்தார். "தூக்கிப் போனார்களா?"

"ஓம்... ஆமாம். காலும் கையும் பிடிச்சு."

"திரும்பி எப்படி வந்தீர்கள்?"

"நடந்து."

ஃபிராவ் வெபர் யோசித்தார். "சொந்தக் காலில் மாவட்டத்துக்குள் வந்திருக்கிறார். உள்ளே வருவதற்குத் தடை இல்லை" என்று சொல்லி, லாங்கேயின் பக்கம் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். "சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வோக்ட் என்று போடாதீர்கள். விடுதி உரிமையாளர் என்று போடுங்கள்."

அண்ணை அந்தப் பெஞ்சில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான். ஏன் கேட்கவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தாள் கோப்புக்குள் போனது, அட்டையின் மேலேயே. நாங்கள் எழுந்தபோது ஃபிராவ் வெபர் கணினியைப் பார்த்தபடியே சொன்னார்: "கடைசி விதியை நீங்களே வாசித்தீர்களாம், ஹெர் லாங்கே. என் அம்மா சொன்னார். கில்டர் கொடுத்தாயிற்றா?"

லாங்கே பையைத் துழாவி ஒரு யூரோ நாணயத்தை எடுத்து, தலை குனிந்து, இரண்டு கையாலும் அண்ணையிடம் நீட்டினார். பிறகு, தானே தூக்கிவரும் கடமை பாக்கி இருக்கிறது என்று கையை விரித்துக்கொண்டு நெருங்கினார். அண்ணை கதவுவரை பின்வாங்கினார்.

"ஏலாது, ஏலாது! ஹெர் லாங்கே, உங்கள் முதுகு!" பிறகு என்னிடம், "இவரின்ரை நாரிக்கு இனி நான்தானே தைலம் வாங்கோணும்" என்றார்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. இரண்டு வருஷத் தங்கும் அனுமதி. 'இந்த மாவட்டத்துக்குள் மட்டும்' என்ற வரி அதில் இல்லை. கஜன் அண்ணையை அதை மூன்று முறை தொலைபேசியில் வாசிக்க வைத்தான். அட்டையைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இப்போது விடுதிச் சமையலறையில் உப்பு ஜாடிக்கு மேலே மாட்டியிருக்கிறது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அண்ணையும் அக்காவும் ஆஹெனுக்கு வந்தார்கள். காலை எட்டு மணிக்கு ஃபோன் அடித்தது. ரயில் சத்தம்.

"தம்பி, இப்ப தாண்டுறம்" என்றார் அண்ணை.

"என்ன தெரியுது?"

"ஒண்டுமில்லை. மரம்தான். இஞ்சாலையும் அதே மரம்."

பின்னால் அக்காவின் குரல்: "போனை வையுங்கோ, டிக்கட் பாக்க ஆள் வருது."

வார இறுதிச் சீட்டு, இருவருக்கும் சேர்த்து முப்பத்துமூன்று யூரோ. அதில் ஒன்று வோக்ட் கொடுத்த தண்டம்.